காலி டப்பாவை யார் வாங்குவார்? சோப்பு, கூந்தல் எண்ணெய், குளியல் பொடி செய்கிறவர்களுக்கான பேக்கேஜிங் வழிகாட்டி

ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் வழக்கத்துக்கும் கடலூருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பெரிய பாட்டில் வாங்க முடியாதவர்களுக்கும் பொருள் போய்ச் சேர வேண்டும் என்று சிறு பாக்கெட்டுகளில் இறங்கியவர் கடலூர்க்காரரான சின்னிகிருஷ்ணன். அவர் குடும்பத்திலிருந்து வெல்வெட் ஷாம்பு வந்தது. அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் தனியே தொடங்கிய தொழிலிலிருந்து சிக் ஷாம்பு வந்தது. கூலி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுக் குளியலறையில் ஷாம்பு நுழைந்தது இப்படித்தான். அந்த நன்மையை மறுக்க முடியாது. ஆனால் அதே பாக்கெட்தான் இன்று சாக்கடை வாயிலும் ஆற்றங்கரையிலும் கடற்கரை மணலிலும் கிடக்கிறது.

இந்தக் கதையில் பலரும் மறந்துவிட்ட ஒரு பகுதி உண்டு. ஐந்து காலி ஷாம்பு பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று ஒரு திட்டம் இருந்தது. தொடக்கத்தில் எந்தக் கம்பெனி பாக்கெட்டாக இருந்தாலும் சரி, பிறகு சிக் பாக்கெட் மட்டும். விற்பனையைக் கூட்டச் செய்ததுதான் அது, சுற்றுச்சூழலை நினைத்துச் செய்தது இல்லை. இருந்தாலும் காலி பாக்கெட்டுக்கு ஒரு மதிப்பு வந்தவுடன் அது குப்பைக்குப் போகாமல் கடைக்குத் திரும்பியது. பேக்கேஜிங் பற்றி நான் சொல்ல நினைப்பதெல்லாம் இதற்குள்ளேயே இருக்கிறது: காலியான பிறகு அதை யார், எதற்காகக் கையில் எடுப்பார்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத டப்பா எவ்வளவு பச்சை நிறத்தில் இருந்தாலும் குப்பைதான்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் வீட்டிலோ, மகளிர் சுய உதவிக் குழுவாகவோ, சின்னப் பட்டறையிலோ சோப்பு, கூந்தல் எண்ணெய், சீயக்காய்த் தூள், குளியல் பொடி, லிப் பாம் செய்து விற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் படி: சப்ளையரிடம் போகும் முன் காயலான் கடைக்குப் போங்கள்

பெரும்பாலும் நாம் செய்வது இதற்கு நேர்மாறு. இணையத்தில் அழகான டப்பாவைப் பார்க்கிறோம், ஆயிரம் ஆர்டர் போடுகிறோம், பிறகு அதன் மேல் மறுசுழற்சி முக்கோணம் இருக்கிறதா என்று தேடுகிறோம். அந்த முக்கோணத்துக்குள் இருக்கும் எண் பிளாஸ்டிக்கின் வகையைத்தான் சொல்கிறது. அது மறுசுழற்சி ஆகும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. 1 என்றால் பெட், 2 என்றால் ஹெச்டிபிஇ (கெட்டியான பிளாஸ்டிக்), 3 பிவிசி, 4 எல்டிபிஇ (எளிதில் வளையும் பிளாஸ்டிக்), 5 பாலிபுரோப்பிலீன், 6 பாலிஸ்டைரீன், 7 என்றால் மற்றவை.

உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும் காயலான் கடைக்கு ஏழு மாதிரிகளை எடுத்துக்கொண்டு போங்கள். தண்ணீர் பாட்டில் மாதிரியான பெட் பாட்டில், வெள்ளை ஹெச்டிபிஇ டப்பா, கறுப்பு டப்பா, பம்ப் வைத்த பாட்டில், அலுமினிய டப்பா, கண்ணாடி பாட்டில், ஒரு ஷாம்பு பாக்கெட். கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எதை எடை போட்டு வாங்குவீர்கள்? எதை வாங்கமாட்டீர்கள்? எதற்கு விலை குறைப்பீர்கள், ஏன்? குறித்துக்கொள்ளுங்கள். விலை மாதத்துக்கு மாதம் மாறும், எதை வாங்குவார் என்பது அவ்வளவு சீக்கிரம் மாறாது.

நம் ஊரில் பிளாஸ்டிக்கைப் பிரிப்பது பெரும்பாலும் மனிதக் கைகள்தான். நிறமில்லாத, ஒரே பொருளால் ஆன டப்பாவைப் பார்த்தவுடன் கை எடுத்து ஒரு மூட்டையில் போடும். கறுப்பு, தங்க நிறம், மினுமினுப்பு, பல பொருள் ஒட்டியது என்றால் விலை குறையும், அல்லது ஓரமாகத் தள்ளிவிடும். பாக்கெட்டைக் கண்டால் தலையசைப்புக்கூட இருக்காது. ஒரு பாக்கெட்டின் எடை ஒரு கிராம் அளவுதான். ஒரு கிலோ சேர ஆயிரக்கணக்கில் பொறுக்க வேண்டும், சேர்த்தாலும் ஒன்றோடொன்று ஒட்டிய படலங்களைப் பிரிக்க வழியில்லை. உள்ளாட்சிகள் சேகரிக்கும் இப்படிப்பட்ட பிளாஸ்டிக்கில் ஒரு பகுதி அரியலூர்ப் பக்கச் சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகப் போகிறது. எரித்துவிட்டால் மறுசுழற்சி என்று அதைச் சொல்ல முடியாது.

இரண்டாம் படி: உங்கள் பொருளில் தண்ணீர் எவ்வளவு என்று பாருங்கள்

திரவ ஷாம்பு, பாடி வாஷ் இவற்றில் பெரும்பகுதி தண்ணீர்தான். அந்தத் தண்ணீரைத் தாங்கத்தான் பாட்டில், மூடி, பம்ப், கசிவைத் தடுக்கும் சீல் எல்லாம். தண்ணீரை எடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். கட்டியாகவோ பொடியாகவோ கொடுக்க முடியுமா என்று முதலில் யோசியுங்கள். சீயக்காய்த் தூளும் நலங்கு மாவும் நமக்குப் புதிதில்லை. பாட்டிலே வேண்டாத பொருள்கள் நம் வீட்டில் எப்போதும் இருந்தன.

ஒரு எச்சரிக்கை. சோப்பு முறையில், அதாவது எண்ணெயும் காரமும் சேர்த்துச் செய்த ஷாம்பு கட்டி, உப்பும் சுண்ணாம்பும் கூடிய போர் தண்ணீரில் முடியைப் பிசுபிசுவென்று ஆக்கிவிடும். கரையோரத்தில் இந்தத் தண்ணீர் நிறைய வீடுகளில் வருகிறது. புதுச்சேரி வாடிக்கையாளரிடம் அந்தக் கட்டியைக் கொடுத்தால் ஒருமுறைதான் வாங்குவார். சீயக்காய், அரப்பு போன்ற பொடிகளோ, கடின நீரைத் தாங்கும் சேர்மானத்தில் செய்த கட்டியோ இங்கே மேல். பயன்படுத்தாமல் தூக்கி எறியப்படும் பொருளைவிடப் பெரிய வீணடிப்பு எந்தப் பேக்கேஜிங்கிலும் இல்லை.

மூன்றாம் படி: பொருளுக்கு ஏற்ற உறை

சோப்பு. குளிர் முறையில், அதாவது அடுப்பில் காய்ச்சாமல் செய்த சோப்பை நான்கிலிருந்து ஆறு வாரம் காயவிட்ட பிறகே சுற்றுங்கள். அவசரப்பட்டுச் சுற்றினால் ஈரம் வெளியேறும்போது தாள் கறைபடும், அட்டை தொய்யும். அப்புறம் அந்தக் கறையை மறைக்க சூட்டில் சுருங்கி ஒட்டும் பிளாஸ்டிக் ஷ்ரிங்க் படலத்தைத் தேடிப் போவோம். நன்கு காய்ந்த சோப்புக்கு உள்ளே எண்ணெய் இறங்காத தாள், வெளியே ஒரு காகிதப் பட்டை போதும். மெழுகோ பிளாஸ்டிக்கோ பூசாத தாளாகக் கேட்டு வாங்குங்கள். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக் கைவினைக் காகிதப் பட்டறையில் பருத்தித் துணிக் கழிவிலிருந்து தாள் செய்கிறார்கள். இந்த வகைத் தாள் விலை கூடுதல்தான், ஆனால் சோப்பைச் சுற்ற ஒரு கையகலப் பட்டை போதும் என்பதால் ஒரு தாளில் நிறைய வரும். மழைக்காலத்தில் கிளிசரின் அதிகமுள்ள சோப்பு வியர்க்கும். ஐப்பசி, கார்த்திகையில் காகிதம் மட்டும் சுற்றிய சோப்பைக் கடை முன்பக்கம் அடுக்காமல் உள்ளே மூடிய அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள்.

பொடி. இங்கேதான் ஏமாற்றம் அதிகம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஜிப் வைத்த பிரவுன் பேப்பர் பவுச் இன்று எல்லா இயற்கைப் பொருள் கடையிலும் தொங்குகிறது. பார்க்கக் காகிதம்தான். ஆனால் பெரும்பாலானவற்றில் காகிதத்துக்கு உள்ளே பிளாஸ்டிக் படலமோ, அலுமினியப் படலமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தோ ஒட்டியிருக்கும். காகித ஆலைக்கும் ஆகாது, பிளாஸ்டிக் மூட்டைக்கும் ஆகாது. ஷாம்பு பாக்கெட்டுக்குக் காகிதச் சட்டை போட்டது போலத்தான் அது. சோதிப்பது சுலபம். ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள், கிழியாமல் ஒரு படலம் இழுபட்டால் பிளாஸ்டிக் இருக்கிறது. ஒரு துண்டை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துக் காலையில் விரலால் தேயுங்கள். காகிதம் கூழாகிப் போனபின் கையில் கண்ணாடித்தாள் மாதிரி ஏதாவது மிஞ்சினால் அந்தப் பவுச் வேண்டாம்.

அதற்குப் பதில் என்ன? சீக்கிரம் விற்றுவிடும் பொடிக்கு இரட்டைக் காகிதப் பை, சிறு அளவு, புதிதாக அரைத்தது. இரண்டு மூன்று மாதம் அலமாரியில் இருக்க வேண்டும் என்றால் கண்ணாடிப் புட்டி அல்லது அலுமினிய டப்பா, திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டோடு. இரண்டும் முடியாதென்றால் ஒரே பொருளால் ஆன, நிறமில்லாத பிளாஸ்டிக் டப்பாவே காகித வேஷம் போட்ட பவுச்சைவிட மேல். இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. காயலான் கடைக்காரர் அதை வாங்குவார்.

எண்ணெய். கூந்தல் எண்ணெய்க்குப் பழுப்புக் கண்ணாடி நல்லது, வெளிச்சத்தில் எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதைத் தள்ளிப்போடும். ஆனால் கண்ணாடி கனம். அதைச் செய்யவும் கொண்டுபோகவும் நிறைய எரிபொருள் செலவாகும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கி எறியும் கண்ணாடி, மெல்லிய ஹெச்டிபிஇ பாட்டிலைவிடச் சிறந்தது என்று சொல்ல முடியாது. மீண்டும் மீண்டும் நிரப்பினால்தான் கண்ணாடி தன் செலவை ஈடுகட்டும். எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற வாசனை எண்ணெய் சேர்த்தால் பாலிஸ்டைரீன் டப்பா வெடிப்புவிடும், மெல்லிய எல்டிபிஇ இளகும். இரண்டையும் தவிருங்கள்.

வீட்டு முறையில் செய்யும் திரவ சோப்பு. இது காரத்தன்மை உள்ளது, பிஎச் 9-லிருந்து 10 வரை இருக்கும். உள்பூச்சு இல்லாத அலுமினிய பாட்டிலை அது அரித்துவிடும். இதற்கு ஹெச்டிபிஇ அல்லது கண்ணாடிதான்.

பாம், களிம்பு. அலுமினிய டப்பா பொருத்தம். அதை உருக்கி மறுபடி செய்ய, தாதுவிலிருந்து புதிதாகச் செய்வதற்கு ஆகும் ஆற்றலில் சுமார் 5 சதவீதம் போதும். காயலான் கடையிலும் நல்ல மரியாதை. தகர டப்பா விலை குறைவு, ஆனால் கடல் காற்றில் விளிம்பிலிருந்து துருப்பிடிக்கும். கடலூர் துறைமுகப் பக்கம் வீடு இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, ஜன்னல் கம்பியே சொல்லும். வாங்கும்போது காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் தகரம்.

மக்கும் பிளாஸ்டிக் என்று விற்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சோளமாவிலிருந்து வரும் பிஎல்ஏ, 60 டிகிரி அளவு வெப்பம் தொடர்ந்து இருக்கும் தொழிற்சாலை உரக்கிடங்கில்தான் ஒழுங்காக மக்கும். கொல்லைப்புறக் குழியிலோ கடலிலோ வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். அதைத் தவறிப்போய் பெட் மூட்டையில் போட்டால் அந்த மூட்டையும் கெடும். அப்படிப்பட்ட உரக்கிடங்குக்கு அது போய்ச் சேரும் வழி உங்கள் வாடிக்கையாளருக்கு இல்லையென்றால், அதற்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

நான்காம் படி: மூடி, பம்ப், லேபிள்

நல்ல பாட்டிலைக் கெடுப்பவை இவைதான். சாதாரண பம்ப்புக்குள் இரும்புச் சுருள், சின்னக் குண்டு, இரண்டு மூன்று வகைப் பிளாஸ்டிக் இருக்கும். அதைப் பிரிக்க யாருக்கும் நேரமில்லை. மூடியைத் திருகி ஊற்றும் வகையே போதும். பம்ப் கட்டாயம் வேண்டுமென்றால் வாடிக்கையாளர் ஒருமுறை வாங்கட்டும், அடுத்தடுத்த பாட்டிலைச் சாதா மூடியோடு கொடுங்கள். பெட் பாட்டில் முழுவதையும் மூடும் பிவிசி ஷ்ரிங்க் உறை கூடவே கூடாது. கொஞ்சம் பிவிசி கலந்தாலும் உருக்கும்போது பெட் கெட்டுவிடும்.

திரும்ப வரப்போகும் பாட்டிலுக்குத் தண்ணீரில் ஊறினால் உரியும் பசையோடு காகித லேபிள் ஒட்டுங்கள். மைதாப் பசைகூடச் சரிதான், கரப்பான் வராமல் இருக்கத் துளி கிராம்பு எண்ணெய் விட்டால் நல்லது. எண்ணெய்க் கை பட்டு எழுத்து அழியுமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: நம் ஊர் வானிலையில் சோதியுங்கள்

ஆய்வகம் வேண்டாம். நிரப்பிய மாதிரிகளில் சிலவற்றைக் குளியலறையிலும், சிலவற்றை மொட்டை மாடி அறையிலும், சிலவற்றைக் கடலோரத்துத் தெரிந்தவர் வீட்டுத் திண்ணையிலும் ஒரு மாதம் வையுங்கள். துரு, கசிவு, பொடி கட்டியாவது, லேபிள் உரிவது, வாசனை மாறுவது ஆகியவற்றைப் பாருங்கள். இதைச் சித்திரை, வைகாசியில் ஒருமுறை, அடைமழைக் காலத்தில் ஒருமுறை செய்ய வேண்டும். வெயிலில் தாங்கியது மழையில் தாங்கும் என்று நம்பி ஆர்டர் போட வேண்டாம்.

ஆறாம் படி: திரும்ப வாங்குங்கள்

இந்தப் படிதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். காலி மதுபாட்டிலுக்கு 10 ரூபாய் திருப்பித் தரும் திட்டம் 2022-ல் நீலகிரியில் தொடங்கிப் பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது நமக்குத் தெரியும். காட்டிலும் மேட்டிலும் உடைந்து கிடந்த பாட்டில் கடைக்குத் திரும்பியதற்குக் காரணம் அந்த 10 ரூபாய்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு கண்ணாடி பாட்டில் மூடியோடு 18 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். திரும்பி வந்த பாட்டிலைக் கழுவ 4 ரூபாய், புது மூடிக்கு 3 ரூபாய், ஆக 7 ரூபாய். 100 பாட்டிலில் 60 திரும்பினால் அடுத்த 100-க்கு ஆகும் செலவு 420-ம் 720-ம் சேர்ந்து 1,140 ரூபாய். எல்லாம் புதிதாக வாங்கினால் 1,800. இருபது மட்டுமே திரும்பினால் செலவு 1,580. மிச்சமாகும் 220 ரூபாய்க்கு அந்த அலைச்சல் தேவையா என்று கேட்கத் தோன்றும். ஆகவே பாதிக்கு மேல் திரும்ப வைப்பதுதான் இலக்கு. உங்கள் விலைகளைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள்.

திரும்ப வைக்க மூன்று வழிகள். முன்பணத்தை விலையில் கலக்காமல் தனியாக எழுதுங்கள், "பாட்டிலுக்கு 10 ரூபாய், திருப்பித் தந்தால் திரும்பக் கிடைக்கும்" என்று லேபிளிலேயே இருக்கட்டும். வாங்கும் இடம் பக்கத்தில் இருக்க வேண்டும். திருப்பாதிரிப்புலியூரில் வாங்கியவர் பாட்டிலைத் தர மஞ்சக்குப்பம் வரை வரமாட்டார். உங்கள் பொருளை விற்கும் மளிகைக் கடையிலேயே ஒரு கிரேட் வையுங்கள், அந்தக் கடைக்காரருக்குப் பாட்டிலுக்கு ஒரு ரூபாய் கொடுங்கள். எல்லாப் பொருளுக்கும் ஒரே அளவு, ஒரே வடிவப் பாட்டில் வையுங்கள், கழுவவும் அடுக்கவும் கை பழகிவிடும்.

சுற்றுலாப் பயணிக்கு இது பொருந்தாது. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வாங்கி அன்று மாலையே பஸ் ஏறுகிறவர் பாட்டிலைத் திருப்பித் தர முடியாது. அவருக்கு சோப்பு, பொடி, அலுமினிய டப்பா பாம் போன்றவற்றைக் காட்டுங்கள். பரிசுப் பெட்டி கேட்டால் திருக்கனூர் காகிதக்கூழ்ப் பெட்டி இருக்கிறது, சோப்புக்குக் கீழே வைக்க வில்லியனூர் சுடுமண் தட்டு இருக்கிறது. இரண்டுமே புவிசார் குறியீடு பெற்ற கைவினைகள். வீட்டில் வைத்துப் பயன்படுத்துகிற பொருளாக அது போய்ச் சேரும், அந்தக் கைவினைஞர்களுக்கும் வருமானம்.

கழுவுவதில் கறாராக இருங்கள். எண்ணெய் போகச் சலவைச் சோடா கலந்த வெந்நீரில் ஊறவைத்து, பிரஷ் போட்டு, நல்ல தண்ணீரில் அலசி, கவிழ்த்து முழுக்கக் காயவிட்டு, 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்துக் காய்ந்த பின் நிரப்புங்கள். உள்ளே ஒரு துளி ஈரம் இருந்தாலும் பூஞ்சை வரும். விளிம்பு உடைந்தது, மண்ணெண்ணெயோ பூச்சிமருந்தோ ஊற்றி வைத்த வாடை வருவது இரண்டையும் தயங்காமல் ஒதுக்குங்கள். தண்ணீர் கலந்த கிரீம், லோஷன் வகைகளை மறுநிரப்பலில் விற்காதீர்கள். எண்ணெய், பொடி, சோப்பு இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் கொண்டுவரும் பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பதைவிட, காலியை வாங்கிக்கொண்டு ஏற்கெனவே நிரப்பி லேபிள் ஒட்டியதைக் கொடுப்பது பாதுகாப்பு. தொகுதி எண்ணும் (பேட்ச் நம்பர்) தேதியும் அப்போதுதான் ஒழுங்காக இருக்கும்.

ஏழாம் படி: இரண்டு ரூபாய்க்கு வாங்குகிறவரை விட்டுவிடாதீர்கள்

பாக்கெட் வாங்குகிறவரைக் குறை சொல்வது தவறு. அன்றன்று கூலி வாங்குகிற பெண்ணிடம் 200 ரூபாய் கண்ணாடி பாட்டிலை நீட்டிப் பூமியைக் காப்பாற்றச் சொல்வதில் நியாயம் இல்லை. சிறு விலையில் கொடுக்கவும் வழி உண்டு. பெரிய சோப்புப் பாளத்தை 25, 30 கிராம் துண்டுகளாக வெட்டிக் காகிதத்தில் சுற்றி விற்கலாம். ஒரு குளியலுக்கான சீயக்காய்ப் பொடியைக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கலாம். நம் நாட்டு மருந்துக் கடைகள் பொட்டலம் மடிப்பது இன்னும் மறக்கவில்லை. பெட்டிக்கடை வாசலில் பாக்கெட் சரம் தொங்கும் இடத்தில் இந்தப் பொட்டலங்களும் தொங்கினால்தான் இந்த வேலை முழுமையாகும். வசதியுள்ள வீடுகளுக்கு மட்டும் குப்பையில்லாப் பொருள் செய்வது பாதி வேலைதான்.

எட்டாம் படி: கூரியர்

பபிள் ராப் வேண்டாம். பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்தாலே போதும், ஆனால் அச்சு மை ஒட்டும் என்பதால் சோப்பில் நேரடியாகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தென்னை நார் கண்ணாடியை நன்றாகத் தாங்கும், தூசி உதறிக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். வைக்கோல் வேண்டாம், ஈரம் இழுக்கும், பூச்சியும் வரும். மளிகைக் கடையில் கிடைக்கும் பழைய அட்டைப் பெட்டியைத் திருப்பி மடித்து, காகித டேப் ஒட்டுங்கள். அனுப்பும் முன் இடுப்பு உயரத்திலிருந்து ஒவ்வொரு பக்கமாகக் கீழே போட்டுப் பாருங்கள். உடைந்து போகும் ஒரு பார்சலுக்காக மறுபடி ஒன்று அனுப்புவது இரட்டைச் செலவு, இரட்டைக் குப்பை.

ஒன்பதாம் படி: சட்டமும் லேபிள் வாசகமும்

அழகுசாதனம் செய்து விற்க 2020-ம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் தேவை. காகிதம் சுற்றினாலும் பொட்டலம் மடித்தாலும் லேபிள் விதி மாறாது. பொருளின் பெயர், தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், உரிம எண், தொகுதி எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, சேர்மானப் பட்டியல் எல்லாம் இடம்பெற வேண்டும். எடையளவுச் சட்டத்துக்காக நிகர அளவும் அதிகபட்ச விலையும் நுகர்வோர் தொடர்பு விவரமும் வேண்டும். ஆகவே எல்லாவற்றுக்கும் இடம் வைத்து அந்தக் காகிதப் பட்டையை வடிவமையுங்கள், பிறகு ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டி வராது.

பிளாஸ்டிக் பேக்கேஜிங் பயன்படுத்தும் பிராண்டுகள் அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று 2022-ல் மத்திய அரசு வழிகாட்டு நெறிகள் கொண்டுவந்தது. குறு, சிறு தொழில்களாக இருக்கும் பிராண்டுகளுக்கு அந்தக் கடமை இல்லை. குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவைச் செய்து வைத்திருங்கள், அதுவே ஆதாரம். கடமை இல்லை என்பதால் திரும்ப வாங்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

"இயற்கைக்கு உகந்தது", "பசுமை", "நூறு சதவீதம் மக்கும்" என்று எழுதும் முன் நிதானியுங்கள். ஆதாரமில்லாத சுற்றுச்சூழல் வாசகங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் நெறிமுறைகள் வெளியிட்டிருக்கிறது. பொதுப்படையாகப் பெருமை பேசாமல் உண்மையை எழுதுங்கள்: "இந்தப் பாட்டில் கண்ணாடி. மூடி பாலிபுரோப்பிலீன். காலியானதும் வாங்கிய கடையில் கொடுத்து 10 ரூபாய் பெற்றுக்கொள்ளுங்கள்." படிக்கிறவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும், உங்களுக்கும் வம்பு வராது.

கடைசியாக, கையிருப்பில் இருக்கும் பழைய பிளாஸ்டிக் டப்பாக்கள். அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்காதீர்கள். ஏற்கெனவே செய்து முடித்த பொருள் அது, இருப்பவற்றை நிரப்பி விற்றுத் தீர்த்துவிடுங்கள், அவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். நன்றாக இருப்பதை மறுபடி நிரப்புங்கள், மற்றதை வகை பிரித்துக் காயலான் கடைக்குக் கொடுங்கள். புது உறையை ஒரே ஒரு பொருளில், உங்களிடம் அதிகம் விற்பனையாகும் பொருளில், தொடங்குங்கள். ஒரு மழைக்காலம் அது தாங்கிய பிறகு அடுத்த பொருளுக்குப் போகலாம்.